இழுக்கப் போகும் காரைக் கேட்டீர்களா?

கணவர் வியாபாரி. ஊர் ஊராகச் சுற்றுகிறவர். மனைவி ஓவியர். கணவர் வெளியூர் போனால் வீட்டில் தனிமை.

பிரிந்து இருக்க மனைவிக்கு மனம் இல்லை. தானும் கூடவே போக வேண்டும். போகிற இடத்தில் உட்கார்ந்து படம் வரைய வேண்டும். இதுதான் அவர் ஆசை.

கணவர் யோசித்தார். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு குட்டி வீடு செய்தார். மனைவியையும் வீட்டையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு புறப்பட்டார்!

இது கதை அல்ல. உண்மையில் நடந்தது. ஆண்டு 1931. இடம், ஜெர்மனியின் தெற்கே ஆல்ப்ஸ் மலை ஓரத்தில் உள்ள ஈஸ்னி என்ற சிறிய ஊர். கணவர் பெயர் அரிஸ்ட் டெட்லெஃப்ஸ். சாட்டையும் பனிச்சறுக்குக் கோலும் செய்து விற்கும் குடும்பம். மனைவி பெயர் ஃப்ரீடல்.

ஜெர்மனியில் பிறந்த முதல் கேரவன் இதுதான் என்று சொல்வார்கள். சாட்டை செய்த குடும்பம் பிறகு கேரவன் செய்யும் குடும்பம் ஆகிவிட்டது!

எந்தக் கேரவன்?

கேரவன் என்றதும் சினிமா நடிகர்கள் ஓய்வு எடுக்கும் பெரிய வண்டி நம் நினைவுக்கு வரும். அது பஸ் மாதிரி. அதற்குத் தனி என்ஜின் உண்டு. தானே ஓடும்.

நான் சொல்வது வேறு. இதற்கு என்ஜின் கிடையாது. இரண்டு சக்கரம். அதன் மேல் ஒரு சிறிய அறை. உள்ளே படுக்கை, ஓர் அடுப்பு, துணி வைக்க அலமாரி. காரின் பின்னால் உள்ள இரும்புக் குமிழில் மாட்டி இழுத்துப் போக வேண்டும்.

ஜெர்மனியில் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை சுமார் 6 வாரம். பல குடும்பங்கள் இப்படிக் கேரவனை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும். ஏரிக்கரை, கடற்கரை, மலை அடிவாரம் என்று எங்கும் அதற்கென்றே முகாம்கள் உண்டு. வாடகை கொடுத்துத் தங்கலாம். ஓட்டல் செலவு மிச்சம். சமையல் நம் கையால். குழந்தைகளுக்கோ கொண்டாட்டம்!

நல்ல பழக்கம்தான். ஆனால் இதில் ஒரு தப்பு நடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என்ன தப்பு?

சிறிய கார் வைத்திருக்கும் குடும்பம் கேரவன் வாங்கப் போகிறது. முதலில் எதைப் பார்க்கிறார்கள்? படுக்கை எத்தனை என்று பார்க்கிறார்கள். மெத்தையை அழுத்திப் பார்க்கிறார்கள். சமையல் மேடை, ஜன்னல் திரை எல்லாம் பார்க்கிறார்கள். பிடித்துவிட்டது. விலையும் பேசி முடித்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் ஒரு கேள்வி வருகிறது. "நம் கார் இதை இழுக்குமா?"

இது தலைகீழ் வேலை அல்லவா?

வண்டிக்காரர் என்ன செய்வார்? மாட்டைப் பார்த்துத்தான் பாரம் ஏற்றுவார். பாரத்தை ஏற்றிவிட்டு மாட்டைத் தேடினால் என்ன ஆகும்? மாடும் விழும், வண்டியும் சாயும்.

என் கருத்து இதுதான்: முதலில் காரைக் கேளுங்கள். கார் சொல்லும் எடைக்குள் கேரவன் தேடுங்கள். கிடைத்த கேரவனில் குடும்பம் எப்படிப் படுப்பது என்று கடைசியில் யோசியுங்கள்.

கார் பேசுமா?

பேசும்! அதன் பதிவுச் சீட்டு பேசும்.

ஜெர்மனியில் ஒவ்வொரு காரின் பதிவுச் சீட்டிலும் மூன்று எண்கள் இருக்கும். இந்த மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

முதல் எண், "ஓ.1" என்ற கட்டத்தில் இருக்கும். பிரேக் உள்ள வண்டியை இழுத்தால் எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று அது சொல்லும்.

இரண்டாவது எண், "ஓ.2" கட்டத்தில். பிரேக் இல்லாத வண்டி என்றால் எத்தனை கிலோ? இது மிகவும் குறைவாக இருக்கும். எந்தக் காராக இருந்தாலும் 750 கிலோவுக்கு மேல் கூடாது. சிறிய காருக்கு அதையும் விடக் குறைவு.

மூன்றாவது எண், "13" என்ற கட்டத்தில். கேரவனின் மூக்கு, கார்க் குமிழின் மேல் எத்தனை கிலோ அழுத்தலாம் என்பது இதில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ வரை.

இன்னொரு விஷயம். சில கார்களுக்கு இழுக்கும் அனுமதியே கிடையாது. சிறிய மின்சாரக் கார்கள் பலவும் இந்த வகை. அனுமதி உள்ள மின்சாரக் காரும், கேரவனை இழுத்தால் ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதியாகக்கூடக் குறைந்துவிடும். ஆகவே சீட்டைப் பார்க்காமல் ஒரு காசுகூட முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஒரு கணக்கு

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். காரின் எடை 1,100 கிலோ. சீட்டில் ஓ.1 கட்டத்தில் 1,000 கிலோ என்று இருக்கிறது.

"ஆயிரம் கிலோ இழுக்கலாமே!" என்று சந்தோஷப்படலாம். அவசரம் வேண்டாம்.

ஜெர்மனியில் கேரவன் இழுக்கும் கார் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெரிய நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வரை போக வேண்டும் என்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? அதிர்வு தாங்கி உள்ள கேரவன், கார் எடையில் 100-க்கு 80 பங்குக்குள் இருக்க வேண்டும். வால் ஆடாமல் தடுக்கும் கருவியும் இருந்தால் காரின் எடை அளவுக்குப் போகலாம். டயர் 6 ஆண்டுக்குள் செய்ததாக இருக்க வேண்டும்.

இந்த 80 பங்குக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில்தான் போவீர்கள் என்றாலும், சிறிய காருக்கு இதையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

1,100 கிலோவில் 80 பங்கு, 880 கிலோ. ஆகவே சாமான்களோடு சேர்த்து 880 கிலோவுக்குள் இருக்கும் கேரவன்தான் இந்தக் குடும்பத்துக்கு ஏற்றது.

சட்டை எங்கே வைப்பது?

கடையில் ஒரு கேரவன் இருக்கிறது. காலி எடை 700 கிலோ. சாமானோடு அனுமதி 850 கிலோ. அப்படியானால் 150 கிலோ சாமான் ஏற்றலாம். 150 கிலோ போதாதா?

ஏற்றிப் பார்ப்போம்.

பாட்டரி, 25 கிலோ.

அங்கே வழக்கமாக வாங்கும் 11 கிலோ காஸ் சிலிண்டர். இரும்பும் காசும் சேர்ந்து 23 கிலோ.

தண்ணீர் 40 லிட்டர். அதாவது 40 கிலோ.

வாசலில் கட்டும் கூடாரப் பந்தல், 30 கிலோ.

மடக்கு மேசையும் நாலு நாற்காலியும், 25 கிலோ.

கூட்டிப் பாருங்கள். 143 கிலோ!

மிச்சம் 7 கிலோதான். இன்னும் ஒரு சட்டைகூட வைக்கவில்லை. அரிசி, பருப்பு இல்லை. பாத்திரம் இல்லை. போர்வை இல்லை. குழந்தையின் சைக்கிள் இல்லை.

காலி எடை என்று சொன்னால் மயங்கிவிடக் கூடாது என்பது இதற்காகத்தான். அந்தக் காலி எடையில் பாட்டரி சேர்ந்திருக்கிறதா, சிலிண்டர் சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். அனுமதி எடைக்கும் காலி எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அது 200 கிலோவாவது இருந்தால் ஒரு குடும்பம் மூச்சு விடலாம்.

எடையைக் குறைக்கவும் வழி உண்டு. தண்ணீரை முகாமில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். 40 கிலோ மிச்சம். இரும்புச் சிலிண்டருக்குப் பதில் அலுமினியச் சிலிண்டர் வாங்கலாம். சுமார் 6 கிலோ மிச்சம்.

எல்லாம் ஏற்றிய பிறகு ஒரு தடவை எடை மேடையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய சாமான் சேர்க்கும் கிடங்குகளில் இந்த எடை மேடை இருக்கும். அந்தச் சீட்டு பொய் சொல்லாது.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும்.

கேரவனுக்கும் இதே விதிதான்.

கனமான சாமான்களை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக வைக்க வேண்டும். மேல் அலமாரியில் துணி, ரொட்டி போன்ற லேசான சாமான் மட்டும். வால் பக்கத்தில் சைக்கிளும் பெட்டியும் கட்டித் தொங்கவிட்டால் ஆபத்து. வேகமாகப் போகும்போது கேரவன் பாம்பு போல் நெளியத் தொடங்கும். சிறிய காராக இருந்தால் காரையும் சேர்த்துச் சுழற்றிவிடும்.

மூக்கு எத்தனை கிலோ அழுத்துகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் எடை பார்க்கும் சிறிய எந்திரம் போதும்! அதன் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கேரவனின் மூக்கைக் கட்டை மேல் இறக்க வேண்டும். எண் தெரிந்துவிடும். சீட்டில் சொன்ன எண்ணைத் தாண்டக் கூடாது. மிகவும் குறைவாகவும் இருக்கக் கூடாது.

மூக்கின் பாரத்தையும் சேர்த்துச் சுமப்பது கார்தான். நாலு பேர் ஏறி, பின்பெட்டியும் நிரம்பிய சிறிய காருக்கு அந்த 50 கிலோ பெரிய பாரம்.

மலை சொல்லும் பாடம்

சமவெளியில் எல்லாக் காரும் நல்ல கார்தான். மலையில்தான் குட்டு வெளிப்படும்.

ஜெர்மன் குடும்பங்களில் பல, விடுமுறைக்கு இத்தாலியின் கார்டா ஏரிக்குப் போகும். வழியில் பிரென்னர் கணவாயைத் தாண்ட வேண்டும். உயரம் சுமார் 1,370 மீட்டர்.

உயரம் போகப் போகக் காற்று மெலியும். பெட்ரோல் என்ஜினின் சக்தி குறையும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் இழுவை எடையை 100-க்கு 10 பங்கு குறைத்துக்கொள்ளச் சொல்லிக் காரின் கையேடுகளே எச்சரிக்கின்றன. அது மட்டுமா? சீட்டில் உள்ள எடை எந்தச் சரிவுக்கு என்றும் பார்க்க வேண்டும். சில கார்களுக்கு அது 12 சதவீதச் சரிவு வரை. சிலவற்றுக்கு 8 சதவீதம்தான்.

ஏறுவதாவது பரவாயில்லை. மெதுவாகப் போகலாம். இறங்குவதுதான் பயம். பின்னால் இருக்கும் வீடு முன்னால் இருக்கும் காரைத் தள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்குவது நல்லது.

"இந்தக் காலத்துச் சிறிய காருக்கு எண்பது, நூறு குதிரைத் திறன் இருக்கிறதே, என்ன பயம்?" என்று சிலர் கேட்பார்கள்.

இழுப்பதற்குத்தான் குதிரைத் திறன். நிறுத்துவதற்குக் காரின் எடையும் பிரேக்கும் வேண்டும். லேசான கார், கனமான கேரவனை இழுத்துவிடும். ஆனால் சரிவில் அதை அடக்க முடியுமா? பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். அதை மறக்கக் கூடாது.

ஏரோப்பிளேன் செய்தவரின் கேரவன்

லேசாகச் செய்ய முடியும் என்பதை ஜெர்மானியர்களே எப்போதோ காட்டிவிட்டார்கள்.

எரிஷ் பாகெம் என்று ஓர் என்ஜினீயர். இரண்டாம் உலகப் போரில் ராக்கெட் விமானம் வடிவமைத்தவர். போர் முடிந்து 1957-ல், எர்வின் ஹிமர் என்பவரோடு சேர்ந்து கேரவன் செய்தார். தன் பெயரின் எழுத்துகளைக் கொண்டே அதற்கு "எரிபா" என்று பெயர் வைத்தார்.

எரிபா கேரவன்களுக்கு, விமானத்தின் உடம்பு போல எஃகுக் குழாய்ச் சட்டம். அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகடு. மேல்கூரையைப் படுக்க வைக்கலாம், தூக்கலாம். ஓடும்போது தணிந்திருக்கும். காற்று தடுக்காது. நின்ற பிறகு தூக்கினால் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அக்காலத்துச் சிறிய கார்களே அதை இழுத்தன.

அன்றைய கிழக்கு ஜெர்மனியில் டிராபாண்ட் என்ற கார் ஓடியது. 26 குதிரைத் திறன்தான்! அதை வைத்திருந்தவர்களும் விடுமுறைக்குப் போகாமல் இருக்கவில்லை. "கிளாப்ஃபிக்ஸ்" என்று ஒரு மடக்குக் கூடார வண்டி. ஓடும்போது சிறிய பெட்டி. திறந்தால் குடும்பமே படுக்கும் கூடாரம்.

அவர்கள் தங்கள் காரின் சக்தியை அறிந்திருந்தார்கள். அதற்குத் தக்கபடி ஆசைப்பட்டார்கள். விரலுக்குத் தக்க வீக்கம்!

எதை வாங்கலாம்?

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் என்றால், நீர்த்துளி வடிவத்தில் வரும் குட்டிக் கேரவன் நல்லது. உள்ளே படுக்கை மட்டும். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. பலவும் 750 கிலோவுக்குள் அடங்கும்.

குழந்தைகள் உண்டு, செலவு குறைய வேண்டும் என்றால், மடக்குக் கூடார வண்டி. எடையும் குறைவு. இடமும் அதிகம். ஆனால் நனைந்தால் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

சுவரும் கதவும் வேண்டும் என்றால், தூக்கும் கூரை வைத்த சிறிய கேரவன். இதற்கு விலை அதிகம். சாமான் வைக்க இடமும் கொஞ்சம்தான்.

பழையதை வாங்குகிறீர்களா? உள்ளே போனதும் மூக்கை உபயோகியுங்கள். ஈர வாடை அடித்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். சுவருக்குள் மரம் உளுத்திருக்கும். ஜன்னல் ஓரங்களை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் ஆகாது.

டயர் பளபளப்பாக இருக்கலாம். ஏமாறக் கூடாது. அதன் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். டயர் ஓடாமல் நின்றாலும் கிழடாகும்.

காரையே மாற்றிவிட்டால்?

"கேரவனைச் சிறிதாக வாங்குவானேன்? காரைப் பெரிதாக வாங்கினால் போகிறது!" என்று விற்பவர் சொல்வார். அவருக்கு இரண்டு வியாபாரம்.

ஆண்டுக்கு 52 வாரம். கேரவன் சாலைக்கு வருவது நாலு வாரம். அந்த நாலு வாரத்துக்காக மிச்சம் 48 வாரமும் பெரிய காருக்குப் பெட்ரோல் ஊற்ற வேண்டுமா? கடனுக்கு வட்டி கட்ட வேண்டுமா? கடன் வாங்கிப் போகும் விடுமுறையில் தூக்கம் வருமா?

சிறிய கேரவனில் கஷ்டமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டால் தெரியும். உள்ளே நாலு பேர். ஈரச் செருப்பு எட்டு. பிள்ளைகளுக்குள் சண்டை. அம்மாவுக்குத் தலைவலி. இதெல்லாம் உண்மைதான்.

ஆனால் மழை மூன்று நாளில் விட்டுவிடும். பாரம் ஏறிய கார் மலைச் சரிவில் விட்டுவைக்குமா?

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு சிறிய கூடாரம் வாங்கிக் கொடுத்து வெளியே படுக்கச் சொல்லலாம். அவர்களுக்கு அதுவே பிடிக்கும்!

கடைசியாக ஒரு வார்த்தை

ஈஸ்னி ஊரில் அந்தக் கணவர் எதற்காகக் கேரவன் செய்தார்? ஊரார் பார்த்து வியக்க அல்ல. மனைவி கூடவே வர வேண்டும் என்பதற்காக. குடும்பம் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

கேரவனின் வேலை அவ்வளவுதான். எல்லோரையும் சேர்த்துக் கூட்டிப் போக வேண்டும். எல்லோரையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பளபளப்பு வேண்டாம். லேசாக இருந்தால் போதும்.

ஆகவே, மெத்தையை அழுத்திப் பார்ப்பதற்கு முன் பதிவுச் சீட்டை எடுங்கள். இழுக்கப் போவது கார். அதை ஒரு வார்த்தை கேளுங்கள்!